ஊற்றுக்குள் தனியே – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஒரு நன்னீர் ஊற்றில் தனியாக ஸ்கூபா டைவிங் செய்தேன். முறையாகப் பயிற்சி பெற்றவன்; தலைக்குமேல் கூரையில்லாத திறந்த நீரில் ஓரளவு அனுபவமும் உண்டு. 20 மீட்டர் ஆழத்தில் ஊற்றின் வாய், அதற்குள் ஒரு குகைமண்டபம். வெளிச்சம் தெரியும் தூரம்வரை மட்டும் உள்ளே சென்றேன். அங்கே கைவிளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வாயில் முழுவதும் நீலமாக நின்றது. அப்படியொரு அமைதியை நான் அறிந்ததே இல்லை. சிலிண்டரில் 60 பார் காற்றழுத்தம் மீதமிருக்கும்போது மேலேறத் தொடங்கினேன். அந்த நேரம் எனக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்பதால் எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நண்பர்கள் திட்டுகிறார்கள். அது இருக்கட்டும். அந்த அமைதியை எழுத உட்கார்ந்தால் எல்லாச் சொற்களும் தேய்ந்தவையாகத் தோன்றுகின்றன. நீருக்கடியில் உணரும் தனிமையை எப்படி எழுதுவது?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள நண்பருக்கு,

பொதுவாக இத்தகைய கடிதங்களுக்குத் தனிப்பட்ட முறையில்தான் பதில் எழுதுவேன். நீருக்கடியில் மனிதர்கள் வழி தவறும் விதத்தைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்ததால் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு முதலில் சுருக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே அமைதி இருந்திருக்காது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரில் மூச்சை இழுக்கும்போது எழும் சீறலும், வெளிவிட்ட காற்று காதோரம் குமிழ்களாக முழங்கி ஏறும் ஓசையும் முழு நேரமும் உங்களுடன் இருந்திருக்கும். வேறு மனிதர் இல்லாத நிலையையே நீங்கள் அமைதியாக உணர்ந்திருக்கிறீர்கள். உங்கள் மூச்சின் ஓசையிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

நண்பர்கள் திட்டுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனியாக இறங்குவதே தவறு என்று நான் கருதவில்லை. எஸ்.டி.ஐ., பேடி போன்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகள் அதற்கென்றே தனிப் பயிற்சி நடத்துகின்றன. குறைந்தது 100 முறை இறங்கியவர்களையே அதில் சேர்க்கின்றன. ஆனால் யாரிடமும் சொல்லாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் குறித்த நேரத்தில் திரும்பவில்லை என்றால், எந்த ஊற்றில் தேட வேண்டும் என்பதுகூட உங்களை நேசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. இதற்குத் தனிமை என்று பெயர் சூட்டாதீர்கள்.

என்னை உறங்கவிடாமல் செய்தது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. "வெளிச்சம் தெரியும் தூரம்வரை மட்டும் உள்ளே சென்றேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' உங்கள் எச்சரிக்கை உணர்வுக்குச் சான்று என்று நம்புகிறீர்கள். குகைக்குள் இறங்கி மீளாதவர்களில் பலரும் முதலில் அந்த எல்லையைத்தான் தமக்கு விதித்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

வெளிச்சம் தெரியும் தூரம் என்பது நிலையான தூரம் அன்று. சூரியன் சாயும்போது அது சுருங்குகிறது. ஒரு மேகம் கடந்தாலும் சுருங்குகிறது. மெதுவாக உள்ளே செல்லும்போது கண் இருளுக்குப் பழகிக்கொண்டே வருவதால் எவ்வளவு வெளிச்சத்தை இழந்தோம் என்பது நமக்கு உறைப்பதில்லை. சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளிலும் பிளவுகளிலும் நீண்ட காலம் பயணம் செய்து வெளிவரும் ஊற்றுநீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதும் ஆபத்துதான். கலங்கிய ஆற்றில் யாரும் நான்கடி தள்ளிப் போகத் தயங்குவார்கள். தெளிந்த நீரோ அந்தத் தயக்கத்தையே நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. போதாததற்கு, முகக்கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாப் பொருளும் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகவே தெரியும். உங்களை மயக்கிய அந்த நீல வாயிலும் நீங்கள் கண்டதைவிடத் தள்ளித்தான் இருந்தது.

இவ்வளவும் நீர் தெளிந்திருக்கும்வரைதான். அத்தகைய மண்டபத்தின் தரையில் மாவுபோன்ற வண்டல் படிந்திருக்கும். காலில் அணிந்த துடுப்பைக் கீழ்நோக்கி ஒருமுறை உதைத்தாலே அது எழுந்துவிடும். தரையைத் தொடாமல் மிதந்தாலும் உங்கள் மூச்சுக்குமிழ்கள் கூரையில் மோதி அங்குள்ள துகள்களை உதிர்க்கும். ஊற்றின் ஓட்டம் வலுவாக உள்ள இடத்தில் கலங்கல் விரைவில் வெளியேறிவிடும். ஓட்டம் தளர்ந்த ஓரங்களில் வெகுநேரம் நிற்கும். நாற்பது அடி தொலைவில் தெரிந்த வாயில் அப்போது இல்லாமல் போகும். விளக்கைப் போட்டால் கண்முன் வெண்சுவர்தான் தெரியும்.

அமெரிக்காவின் வட ஃபுளோரிடாவில் உள்ள ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று வளாகத்தில் ஒரு விதி இருக்கிறது. அங்குள்ள டெவில்ஸ் ஊற்றுகளில், குகைப் பயிற்சி பெறாத திறந்தநீர் முக்குளிப்பாளர் விளக்கு கொண்டு செல்லக் கூடாது. முதன்முறை கேட்பவருக்கு இது விசித்திரமாகப் படலாம். கையில் விளக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கத் தோன்றும் என்பதை அறிந்தவர்கள் வகுத்த விதி அது. அதே வளாகத்தில், குகையின் உட்பாதையைக் கம்பிவலையால் அடைத்துவிட்ட ஒரு மண்டபத்தில் மட்டும் விளக்குக்கு அனுமதி உண்டு. நீங்கள் கைவிளக்குடன் போயிருக்கிறீர்கள். திரும்பும் வழியைக் காட்டும் கயிறு கொண்டு போனதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

குகை முக்குளிப்பின் முன்னோடியான ஷெக் எக்ஸ்லி, 1979இல் வெளியிட்ட கையேட்டில், நீர்க்குகைகளில் நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்து மூன்று காரணங்களை முன்வைத்தார்: திறந்த நீரிலிருந்து அறுபடாமல் வரும் வழிகாட்டிக் கயிறு இல்லாதது, காற்றில் மூன்றில் இரண்டு பங்கை வெளியேறுவதற்கென ஒதுக்காதது, அளவு மீறிய ஆழத்துக்குப் போனது. மூன்றிலும் கயிற்றைப் பற்றியே நான் மீண்டும் மீண்டும் பேசுவேன்.

கயிற்றைப் பின்பற்ற எனக்குக் கற்றுத்தந்தவர் முதல் நாள் எங்களைத் தண்ணீருக்கு அருகிலேயே விடவில்லை. மரங்களுக்கிடையே மெல்லிய கயிற்றைக் கட்டி, முகக்கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளையமாகக் கயிற்றைச் சூழ்ந்திருக்க நடக்கச் சொன்னார். சில அடிகளிலேயே என் உடல் ஒரு திசையை உறுதியாகச் சொன்னது. கயிறோ வேறு பக்கம் இழுத்தது. "உடம்பு பேசினால் கேட்காதே, விரல் சொல்வதைக் கேள்" என்றார் அவர். கயிற்றில் முக்கோண வடிவப் பிளாஸ்டிக் குறிகள் மாட்டியிருந்தன. அவற்றின் கூர்முனை வெளியேறும் திசையைக் காட்டும். இருட்டில் தடவியே அதை அறியலாம். பிற்பாடு ஒரு மண்டபத்தில், எங்களுக்கு முன்னால் சென்ற குழுவின் துடுப்புகள் கிளப்பிய வண்டலில் எல்லாம் மறைந்தபோது, என் உடல் அதே உறுதியோடு தவறான திசையைச் சொல்லியது. விரல்களுக்குள் கயிறு இருந்தது. உங்களுக்கு இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

60 பார் கணக்கையும் பார்ப்போம். 11 லிட்டர் சிலிண்டரில் அது 660 லிட்டர் காற்று. நீர்ப்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டர் ஆழத்தில், மூன்று வளிமண்டல அழுத்தத்தில், 60 லிட்டர் இழுப்பார். நிதானமாக இருந்தால் 11 நிமிடம். பதற்றத்தில் மூச்சு இருமடங்கானால் ஐந்தரை. அந்த நேரத்துக்குள் கலங்கலில் வாயிலைத் தேட வேண்டும், மேலே ஏற வேண்டும், பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கவும் வேண்டும். துணையோடு செல்பவருக்குத் துணைவரின் சிலிண்டரும் ஒரு கையிருப்பு. உங்களுக்கு அது இல்லை. உங்கள் ரெகுலேட்டர் பழுதாகியிருந்தால் அந்த 660 லிட்டரும் முதுகில் இருந்தும் எட்டாமல் போயிருக்கும். தனக்கென ஒரு ரெகுலேட்டர் கொண்ட இரண்டாவது சிலிண்டர் இல்லாமல் தனியாக இறங்குவதை எந்தப் பயிற்றுநரும் ஏற்கமாட்டார்.

கடுமையாக எழுதிவிட்டேன். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன் என்ற வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படித் திரும்பிப் பார்க்கத் தோன்றும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அந்த மனம் எனக்கு அருமையானதாக இருப்பதால்தான் இத்தனை கோபம்.

எழுத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இன்னொரு முறை விரிவாகப் பதில் சொல்கிறேன். அதற்குமுன் குகைமண்டபப் பயிற்சி தரும் ஒருவரைத் தேடிச் சேருங்கள். அதுவரை ஊற்றின் திறந்த பகுதியைத் தாண்ட வேண்டாம். எத்தனை மணிக்கு மேலே வருவீர்கள், எத்தனை மணி கடந்தால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, கரையில் காத்திருக்கச் சம்மதிக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். உங்களைத் திட்டும் நண்பர்களில் ஒருவரைக் கேட்டாலே வருவார்.

அன்புடன்