மாவுக்கட்டு பிரித்த கைக்கு ஒத்தடம் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58, சர்க்கரை இருக்கிறது. வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிந்து, 6 வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தோம். எலும்பு கூடிவிட்டது என்று போன வாரம் பிரித்துவிட்டார்கள். ஆனால் விரலை மடக்க முடியவில்லை. உப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்கலாமா?

பதில்: சூடு கொடுக்கலாம், வறுத்த உப்பு மட்டும் வேண்டாம். வாணலியில் இருந்து எடுத்த உப்பு எவ்வளவு சுடும் என்பதற்குக் கணக்கே கிடையாது, அம்மாவுக்குச் சர்க்கரையால் விரல்களில் உணர்ச்சி மங்கியிருந்தால் தோல் பொத்துப்போன பிறகுதான் அவருக்கே தெரியவரும். அதனால் முதலில் ஒரு சோதனை. இரண்டு டம்ளரில் குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் எடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி விரல்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எது எது என்று சொல்லத் தடுமாறினால் சூடே வேண்டாம், பயிற்சி மட்டும் போதும்.

சரியாகச் சொன்னால், அகலமான பாத்திரத்தில் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெந்நீர். சூடு சரியா என்று உங்கள் முழங்கையை விட்டு நீங்களே பாருங்கள். 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. கை சும்மா ஊறக்கூடாது, தண்ணீருக்குள்ளேயே விரலை மடக்கி விரிக்க வேண்டும், ஸ்பாஞ்சைப் பிழியலாம். கட்டுக்குள் அசையாமல் கிடந்ததால் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் தசைநாண்களும் இறுகிப்போயிருக்கின்றன, சூடு அவற்றைக் கொஞ்ச நேரம்தான் இளக்கும், ஆறினால் பழையபடி இறுகிவிடும். அப்புறம் செய்யலாம் என்று பயிற்சியைத் தள்ளிப்போட்டால் கொடுத்த ஒத்தடம் வீண், இதைத்தான் நிறைய வீடுகளில் பார்க்கிறேன்.

கையைத் தொங்கவிட்டு முக்கினால் வீக்கம் கூடலாம். கூடினால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சுற்றி, தலையணை மேல் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

பிசியோதெரபி கிளினிக்கில் மெழுகு ஒத்தடம் கொடுப்பார்களே, அதை மெழுகுவர்த்தி உருக்கி வீட்டில் செய்துவிடாதீர்கள். அங்கே எண்ணெய் கலந்து சுமார் 52 டிகிரியில் வைத்திருப்பார்கள், மெழுகுவர்த்தி அதைவிட அதிகச் சூட்டில்தான் உருகும், கை வெந்துவிடும். எண்ணெய் தேய்த்து விரலைப் பிடித்து இழுப்பதும் கூடாது.

புண் ஆறாமல் இருந்தாலோ, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ தண்ணீரில் முக்கக் கூடாது. தோல் பளபளவென்று நிறம் மாறி, லேசாகத் தொட்டாலே தாங்க முடியாமல் வலித்தால் ஒத்தடத்தை நிறுத்திவிட்டு அந்த வாரமே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.