வேலையிடத்தில் பாதுகாப்பு பற்றி மேனேஜர் நினைப்பதும் தொழிலாளி நினைப்பதும் ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறது?

கேட்டவர் அடுத்த மாதம் மலேசியாவில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராகச் சேரப்போவதாகவும், தன் ஆட்கள் ஏன் பாதுகாப்பு விதிகளை மதிப்பதில்லை என்று இப்போதே குழப்பமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். நான் அதே பினாங்கின் பிறையில் மெட்டல் ஸ்டாம்பிங் (பிரஸ் மெஷினில் தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும்) வேலையில் ஆப்பரேட்டராகத் தொடங்கி, லைன் லீடராகி, பிறகு கோர்ஸ் படித்து சேஃப்டி ஆபீசர் ஆனவன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தொழிலாளிக்கு ஆபத்து தெரியாது என்று மேனேஜர்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. தன் மெஷின் எந்த நேரத்தில் எப்படி முரண்டு பிடிக்கும் என்று அதோடு பத்து வருடம் நிற்பவரைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்பதும் அவருக்குச் சேர்ந்தே தெரியும், சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நான் லைன் லீடராக இருந்த கம்பெனியில் வாசலில் ஒரு பெரிய பலகை, 'விபத்து இல்லாத நாட்கள்' என்று. தினமும் காலையில் செக்யூரிட்டி வந்து எண்ணை மாற்றுவார். 365 ஆனால் எல்லோருக்கும் 50 ரிங்கிட் வவுச்சர் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பலகை 211-இல் இருந்த நாள் மாலை, எங்கள் லைனில் வேலை செய்த ஒரு அக்காவுக்கு பிரஸ்ஸில் விரல் நுனி மாட்டிக்கொண்டது. நகம் பெயர்ந்து, ஆறு தையல். எச்.ஆர். காரர் அக்காவைத் தன் காரிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், நல்லவிதமாகத்தான் பேசினார், "எம்சி எடுக்க வேண்டாம், நாளைக்கு வந்து சும்மா பேக்கிங்கில் உட்கார், சம்பளம் முழுசா வரும்" என்றார். அக்காவும் சரி என்றுவிட்டார். எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தால் அந்த மாத அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போய்விடும், இன்னும் நூறு பேருடைய வவுச்சரும் தன்னால் போகும், கேண்டீனில் யார் முகத்தில் முழிப்பது? மறுநாள் காலை நான் மோட்டார் சைக்கிளை உள்ளே விடும்போது பலகையைப் பார்த்தேன். 212.

அந்த எண்ணைப் பார்த்து மேலே இருப்பவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உண்மையிலேயே நம்பினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த கணக்கு அப்படி. கீழே இருந்த நாங்களோ அதே எண்ணைப் பார்த்து, இங்கே அடிபட்டால் மறைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டோம்.

அந்த அக்காவுக்கு ஏன் அடிபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும், கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காக. அது பழைய மெஷின், ஒரு பொத்தானை அமுக்கியே வைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. இடது பொத்தானுக்கும் அதன் வளையத்துக்கும் நடுவே, பொத்தான் அமுங்கியே இருக்க ஒரு அட்டைத் துண்டு, பெட்டி அட்டையை நான்காக மடித்தது, எண்ணெய் ஏறி ஏறித் தோல் மாதிரி கறுத்து வழவழப்பாகிவிட்டது. எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ. நான் தினமும் பார்த்தேன். நான் லைன் லீடர், என் வேலையே அதை எடுத்துப் போடுவது, எடுக்கவில்லை. அட்டை இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு அறுபது எழுபது பீஸ் அதிகம் வரும், டார்கெட் ஏறும், சாயங்காலம் என்னை யாரும் திட்ட மாட்டார்கள். விபத்துக்குப் பிறகு ரெண்டு நாள் அட்டை காணாமல் போயிருந்தது, மூன்றாம் நாள் புது அட்டை.

ஏழு மாதம் கழித்து அதே பிரஸ்ஸில் நேப்பாளத்துத் தம்பி ஒருவருக்கு இரண்டு விரல் போனது. அதை மறைக்க முடியவில்லை. புரொடக்ஷன் மேனேஜர் ஓடி வந்தார், வந்ததும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை, "மெசின் ரோசாக் கா?" மெஷின் கெட்டுப்போச்சா என்று. அவர் கெட்ட மனிதர் இல்லை, அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் விடியும்வரை உட்கார்ந்திருந்ததும் அவர்தான். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு கஸ்டமர் போனில் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு முதலில் வரும் கேள்வி அதுவாகிவிட்டது. அந்த ஒரு கேள்வியை அன்று ஷிப்டில் இருந்த நாற்பது பேரும் காதால் கேட்டார்கள். அதற்கப்புறம் சுவரில் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் என்ன பிரயோசனம்? அந்தத் தம்பிக்கு சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதிகூடக் கிடையாது, வெளிநாட்டுத் தொழிலாளர்களை அதில் சேர்த்தது 2019-இல்தான், இது அதற்கு முன்னால் நடந்தது.

பிறகு புதிதாக வந்த ஒரு எஞ்சினியர், பினாங்குக்காரர்தான், செய்ததை நான் மறக்கவே மாட்டேன். யார் அட்டை வைத்தது என்று அவர் கேட்கவில்லை. அக்காவை மறுபடி அந்த மெஷின் முன்னால் நிற்கச் சொல்லி, "எங்கே வலிக்கும்?" என்று கேட்டார். அப்போதுதான் வெளியே வந்தது. பொத்தான்களின் உயரம் அக்காவின் தோளுக்கு மேலே இருந்தது. ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் தடவைக்கு மேல் கையைத் தூக்கி அமுக்க வேண்டும், மூன்று நான்கு மணி ஆனால் இடது தோள் கழன்று விழுவது போல இருக்கும் என்றார். அட்டையை முதலில் வைத்தது அதனால்தான், பீஸ் கணக்கெல்லாம் அப்புறம் வந்தது. தம்பியின் விபத்து ரிப்போர்ட்டில் அட்டை வைத்ததை 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி, நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த அக்கா கவனமில்லாதவர் இல்லை, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆறு நாளும் ஷிப்டுக்கு நேரத்துக்கு வந்தவர்.

கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரையான லைட் கர்ட்டன் போட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அந்த மாதிரிப் பழைய பிரஸ் இறங்க ஆரம்பித்தால் நடுவில் நிற்காது, ஒரு சுற்று முடிந்துதான் நிற்கும், அதனால் கை குறுக்கே வந்தது தெரிந்தும் பயனில்லை. எஞ்சினியர் தகட்டுக்கு உருக்கொடுக்கும் அச்சான டையையே மாற்றினார். தகட்டை வெளியே ஒரு தட்டில் வைத்துத் தள்ளினால் தானாக உள்ளே போகும், முடிந்த பீஸைக் காற்றுக் குழாய் ஊதித் தள்ளிவிடும், டையைச் சுற்றிக் கம்பித் தடுப்பு. கை உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை. பொத்தானையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். அட்டை அதற்கப்புறம் வரவில்லை, யாரும் தடை செய்ததால் அல்ல.

சட்டம் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1991-இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அந்தக் காலத்தில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம்தான் இருந்தது. 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1-இல் அமலுக்கு வந்து, பழைய 1967 சட்டமும் நீங்கியது. முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆனது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும், நாற்பது பேர் இருந்தால் தொழிலாளர்களும் இருக்கும் பாதுகாப்புக் குழு வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது 26ஏ பிரிவு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால், சொல்லியும் முதலாளி சரிசெய்யவில்லை என்றால், தொழிலாளி அங்கிருந்து விலகிப் போகலாம், அதற்காக அவருக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது.

ஆனால் நேற்றுப் பெர்மிட் கிடைத்து வந்த வங்காளதேசத் தம்பி அந்தப் பிரிவைச் சொல்லி மெஷினை விட்டு எழுந்து போவாரா? ஏஜெண்டுக்குக் கடன் கட்ட வேண்டியவர் அவர். 2017 அக்டோபரில் தஞ்சோங் புங்கா கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்களே, அதில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து புதிதாக வருகிற வெளிநாட்டுப் பையன்களிடம் நானே போய்ப் பேசுகிறேன், அவர்களாக வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை. மலாய் தெரியாதவருக்கு அவர் ஊர்க்காரர் ஒருவரை வைத்துச் சொல்கிறேன். கையெழுத்து வாங்கிவிட்டால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

உங்களிடம் நேராகச் சொல்கிறேன். வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதை உங்கள் ஆட்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாதக் கடைசி, ஷிப்மெண்ட் தாமதம், அப்போது ஒருவர் வந்து "அண்ணே, மெஷின் தடுப்பு லூசா இருக்கு" என்று சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள். நிறுத்தச் சொன்னால் அடுத்த தடவையும் வந்து சொல்வார்கள். "இந்த லாட் முடியட்டும்" என்றால் அதோடு சரி, அப்புறம் உங்கள் காதுக்கு எதுவும் வராது, நீங்களும் உங்கள் லைன் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சேர்ந்த முதல் வாரம் பிற்பகல் நான்கு மணிக்கு மேல், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில், கையில் பைல் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மூன்றாம் நாள் யாராவது ஒருவர் நிற்க ஒரு பலகையோ, பொத்தானைக் கொஞ்சம் கீழே இறக்கவோ கேட்பார். அதை அந்த வாரத்துக்குள் செய்து கொடுங்கள்.