வெண்களிமண்: வெந்நீர் வேலையா, மழைநீர் வேலையா?

கேள்வி: இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள கயோலின் (வெண்களிமண்) படிவுகள் வெப்பநீரால் உருவானவை என்று படித்தேன், வெறும் பாறைச் சிதைவு என்போரும் உண்டு. எது சரி?

பதில்: இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டல் கிரானைட்டில் களிமண் 200 மீட்டருக்கும் கீழே புனல் வடிவில் இறங்குகிறது. பாறை விரிசல்களை நிரப்பிய குவார்ட்சு, டூர்மலின் கனிம நரம்புகளை ஒட்டியே அது செறிந்தும் கிடக்கிறது. மழைநீர் மேலிருந்து ஊறியதால் மட்டும் உண்டானதென்றால், அது போர்வையைப் போலப் பரந்து, ஆழத்தில் விரைவாக மெலிந்திருக்க வேண்டும். ஆனால் கயோலினின் முதன்மைக் கனிமமான கயோலினைட்டில் உள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளோ (ஒரே தனிமத்தின் வேறு எடையுள்ள அணுக்கள்) குறைந்த வெப்பநிலையையும் மழைநீரையும் சுட்டுகின்றன. ஆகவே, சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிய கிரானைட்டின் விரிசல்களை முதலில் சூடான நீர் திறந்து பாறையைத் தளர்த்தியது என்றும், அவ்வழியே பின்னர் இறங்கிய மழைநீர், பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் ஓயாமல் வெளியிடும் வெப்பத்தால் சுழன்று களிமண்ணாக்கத்தை நிறைவு செய்தது என்றும் கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

கேள்வி: கிரானைட்டின் முக்கியக் கனிமமான, கெட்டியான ஃபெல்ட்ஸ்பார் எப்படி மாவாகிறது?

பதில்: சற்றே அமிலத்தன்மை உள்ள நீரின் ஹைட்ரஜன் அயனிகள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றுகின்றன, சிலிக்காவின் ஒரு பகுதி கரைந்து போக, அலுமினியம் அங்கேயே தங்கிக் கயோலினைட் அடுக்குகளாகிறது. சோடியமும் கால்சியமும் உள்ள ஃபெல்ட்ஸ்பாரான பிளேஜியோகிளேஸ்தான் முதலில் சிதையும். பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். பாதி மாறிய கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால், படிகத்தின் நீள்சதுர உருவம் அப்படியே இருக்கும். கட்டைவிரலால் அழுத்தியதும் வெண்மாவாக உதிரும், நடுவே குவார்ட்சு மணிகள் மட்டும் நறநறக்கும். இந்தக் காட்சி பத்துச் சமன்பாடுகளை விட நன்றாகப் புரியவைக்கிறது.

கேள்வி: சில படிவுகள் மட்டும் ஏன் அவ்வளவு வெண்மை?

பதில்: இரும்பே காரணம். கருமைக்கா (இரும்புள்ள கருநிற மைக்கா, பயோடைட்) குறைந்த கிரானைட்டில் இரும்பு தொடக்கத்திலேயே குறைவு. எஞ்சியதும் ஆக்சிஜனற்ற நீரில் கரைந்து வெளியேறிவிட்டால் வெண்மை கூடும்.

கேள்வி: கயோலினைட்டைப் போன்ற களிமண் கனிமமான டிக்கைட்டையும் கயோலினைட்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இரண்டின் வேதியியல் அமைப்பும் ஒன்றே, அடுக்குகள் அமர்ந்திருக்கும் முறை மட்டும் வேறு. அடுக்கு இடைவெளி இரண்டிலும் ஏறத்தாழ 7.15 ஆங்ஸ்ட்ராம் என்பதால், எக்ஸ்-கதிர் பதிவில் அந்த ஒரு உச்சியை நம்பி முடிவு செய்துவிடாதீர்கள். அகச்சிவப்பு நிறமாலையில், ஒழுங்கான கயோலினைட்டின் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை) பகுதியில் நான்கு பட்டைகளும், டிக்கைட்டில் மூன்றும் தெரியும். டிக்கைட்டு பொதுவாகக் கூடுதல் வெப்பத்தில் உருவாவது. எனவே படிவு எவ்வளவு வெப்பத்தில் உருவானது என்பதற்கு அது ஒரு தடயம்; இந்தச் சோதனைக்கு ஆகும் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.