அறைத்தோழியின் கறுப்புப் பிடிக் கத்தி

லீட்ஸில் உங்கள் அறைத்தோழி விக்கா வழிபாடு செய்கிறார், மேசையில் கறுப்புப் பிடி போட்ட கத்தியும் ஐந்துமுனை நட்சத்திரமும் இருக்கின்றன, சாத்தான் வேலையோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள். விக்காவில் சாத்தானே கிடையாது. 1950களில் ஜெரால்டு கார்ட்னர் இங்கிலாந்தில் பரப்பிய சமயம் அது, பெரும்பாலானோர் வணங்குவது ஒரு தேவியையும் கொம்புள்ள தேவனையும்தான். அந்தக் கத்திக்கு அத்தாமே என்று பெயர், வழிபாட்டு வட்டம் போடுவதற்குத்தான், வழக்கமாக அதை வைத்து எதையும் வெட்டுவதில்லை. நட்சத்திரத்தின் முனைகள் நிலம், நீர், தீ, காற்று, அப்புறம் ஆன்மா. யாருக்கும் தீங்கு வராதவரை விரும்பியதைச் செய் என்பதுதான் அவர்கள் நெறி. அக்டோபர் 31 சௌவின், இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று மெழுகுவர்த்தி ஏற்றினால் யாருக்காக என்று அன்பாகக் கேட்டுப் பாருங்கள்.