விவாகரத்தின்போது கணவன் மனைவி சேர்ந்து நடத்திய தொழிலை நியாயமாகப் பிரிப்பது எப்படி?

கணவரும் நீங்களும் சேர்ந்து வளர்த்த தொழில், இருவரும் சம்மதித்தே பிரிகிறீர்கள், பாதி தானாக உங்களுக்கு வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்ததெல்லாம் இருவருக்கும் பொது என்ற சட்டம் கோவா, டாமன்-டையூ போலப் போர்த்துகீசியச் சட்டம் தொடரும் இடங்களைத் தவிர இந்தியாவில் வேறெங்கும் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருட்களோடு நின்றுவிடுகிறது.

அதனால் தொழில் யார் பெயரில், எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பத்திரத்தைப் பாருங்கள். பார்ட்னர்ஷிப் என்றால் 1932ஆம் வருடச் சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு பேசும். பங்கு எவ்வளவு என்று எழுதாமல் விட்டிருந்தால் சமம் என்றுதான் கணக்கு. தொழில் அவர் பெயரில் மட்டும் இருந்தால் கஷ்டம்தான். ஆனாலும் கை விரிக்க வேண்டாம். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து சேர்த்ததில் பங்களிப்புதான் என்று சொல்லிப் பாதிப் பங்கு கொடுத்தது. அது விவாகரத்து வழக்கு அல்ல, ஆனாலும் வக்கீலிடம் கேட்க வேண்டிய தீர்ப்பு.

நான் திருப்பூரில் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். என் தங்கையும் மாப்பிள்ளையும் பனியன் ஜாப் வொர்க் யூனிட் வைத்திருந்தார்கள். ஆளுக்குப் பாதி. பிரியும்போது கணக்குப் பேச நானும் உட்கார்ந்தேன்.

ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களுக்கு விலை போடுவதில் சண்டையே வரவில்லை. பழைய மெஷின் வியாபாரி ஒருவரை இருவருமாகக் கூட்டி வந்து காட்டினார்கள், அவர் சொன்ன விலைக்குச் சரி என்றார்கள். ஒரு மாதக் கடைசியைக் குறித்துக்கொண்டு, அன்றைய ஸ்டாக்கையும் பாக்கியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தேதி குறிக்காமல் பேச ஆரம்பித்தால் கணக்கு தினமும் நகரும்.

வர வேண்டிய பாக்கிதான் இழுத்தது. எந்தப் பார்ட்டி தருவான், எவன் தரமாட்டான் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு விலையே போட வேண்டாம், பழைய பில்லுக்குப் பணம் வர வர ஆளுக்குப் பாதி என்று எழுதச் சொன்னேன். நன்றாகவே போயிற்று.

"பார்ட்டியெல்லாம் என் முகத்துக்கு வர்றவங்க" என்றார் மாப்பிள்ளை, தொழிலை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது. அதுவும் நிஜம்தான். சனிக்கிழமை சம்பளம் தவறாமல் கொடுத்து ஆட்களை நிற்க வைத்தது தங்கை, அதுவும் நிஜம். ஒருவர் விலை சொல்லட்டும், அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்று மற்றவர் முடிவு செய்யட்டும் என்று ஒரு வழி சொல்வார்கள். இருவருக்கும் பணம் புரட்ட வசதி இருந்தால்தான் அது நியாயம். இல்லையென்றால் காசு உள்ளவர் அடிமாட்டு விலைக்கு வாங்கிவிடுவார்.

நகை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் மெஷின்கள் வாங்க அவள் 22 பவுனை விற்றிருந்தாள். அன்றைய பில் தொகையைத் தருகிறேன் என்றார் அவர். பவுனாகத் திருப்ப வேண்டும் அல்லது இன்றைய விலை என்றேன். சீதன நகை அவளுடையது. உங்களிடம் பழைய பில்லோ அடகுச் சீட்டோ இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், எனக்கு இதையெல்லாம் விடப் பெரிது வங்கிக் கடன். சிசி லோனுக்கு, அதாவது தொழிலை நடத்த வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடனுக்கு, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரும் கடன்காரர் அளவுக்கே பொறுப்பு. பங்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு உங்கள் கணவர் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். அதே மாதிரி, பார்ட்னர் விலகியதை ரிஜிஸ்ட்ராருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் போட வேண்டும். போடாதவரை, நீங்கள் விலகியது தெரியாமல் நிறுவனத்தோடு வியாபாரம் செய்கிறவர்கள் உங்களையும் பிடிக்கலாம்.

இருவர் மட்டும் உள்ள நிறுவனத்தில் ஒருவர் போனால் பார்ட்னர்ஷிப் அதோடு முடிந்தது. தொடர்கிறவர் புது ஜிஎஸ்டி எண் எடுக்க வேண்டும், வரியையும் ஆடிட்டர் பார்க்கட்டும். கணக்கைத் தீர்க்காமலே அவர் தொழிலைத் தொடர்ந்தால், அந்தக் காலத்து லாபத்தில் உங்கள் பங்குக்கு உரியதையோ 6 சதவீத வட்டியையோ கேட்க பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 37ஆம் பிரிவு வழி விடுகிறது. எது அதிகமோ அதைக் கேளுங்கள்.

சம்மத விவாகரத்தில் இரண்டு கட்டம் உண்டு. முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே பொதுவாக 6 மாதம், அதிகபட்சம் 18 மாதம். முதல் மனுவின்போது ஒரு பகுதிப் பணம், மீதி இரண்டாவதன்போது டிடியாக என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உங்களை ஜாமீனிலிருந்து விடுவித்ததாக வங்கி எழுத்தில் தந்த பிறகுதான் இரண்டாவது கட்டத்துக்குப் போவேன் என்று வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.