காண்டம் கிழிந்த பிறகு கழுவினால் போதுமா?

கேள்வி: நான் பாலியல் தொழில் செய்கிறேன். நேற்று இரவு கஸ்டமருடன் இருந்தபோது காண்டம் கிழிந்துவிட்டது. உடனே கிருமிநாசினி கலந்த தண்ணீரை உள்ளே பீய்ச்சி இரண்டு தடவை கழுவினேன். ஒவ்வொருவர் போன பிறகும் இப்படிக் கழுவுவது என் வழக்கம். ஆனாலும் வாடையோடு வெள்ளைப்படுவது நிற்கவில்லை. இப்போது எரிச்சலும் சேர்ந்துவிட்டது. நான் செய்தது போதுமா?

பதில்: போதாது. உங்கள் கடிதம் வந்த உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே பயத்தோடு இருக்கும் மற்ற பெண்களும் படிக்கட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

காண்டம் கிழிந்தால் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. எச்ஐவி தொற்றாமல் தடுக்க 'பெப்' என்ற மாத்திரைகள் இருக்கின்றன. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். அதிலும், மூன்றாம் நாள் வரை காத்திருப்பதைவிட முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது எவ்வளவோ மேல். பிறகு 28 நாட்கள், ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். தொடங்கும்போதே எச்ஐவி பரிசோதனையும் செய்வார்கள். ஏற்கெனவே தொற்று இருந்தால் அதற்கான சிகிச்சை வேறு. வேறு கருத்தடை எதுவும் இல்லையென்றால் அவசர கருத்தடை மாத்திரையையும் அன்றே கேளுங்கள். ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டாலும் கர்ப்பத்தைத் தடுக்கலாம்.

இனி கழுவும் பழக்கத்துக்கு வருகிறேன். என்னிடம் வரும் பெண்களில் பலர் இதைச் சுத்தம் என்று நம்பித்தான் செய்கிறார்கள். உங்கள் மேல் தவறில்லை, இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பெண்ணுறுப்புக்குள் லாக்டோபாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை சுரக்கும் லாக்டிக் அமிலம்தான் உள்ளே காவல். கிருமிநாசினியும் சோப்பும் அந்தக் காவலை அழித்துவிடும். அந்த இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் பெருகும்போதுதான் மீன் வாடையோடு வெள்ளைப்படும். வாடை வந்தால் மறுபடி கழுவுவோம். கழுவக் கழுவ வாடை கூடும். இந்தத் தொற்று இருக்கும்போது எச்ஐவியும் மற்ற பால்வினை நோய்களும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். தவிர, கழுவும் தண்ணீரே விந்தையும் கிருமிகளையும் மேலே கருப்பை வாய் பக்கம் தள்ளிவிடக்கூடும்.

இன்னொன்று: அடிக்கடி கழுவினால் உள்ளே வறண்டுபோகும். வறட்சியில் உராய்வு கூடும். காண்டம் கிழிய அதுவும் ஒரு காரணம். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவுங்கள், அது போதும். வறட்சிக்குத் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் தடவுங்கள். எண்ணெய், வாசலின், லோஷன் வேண்டாம். சாதாரண லேடெக்ஸ் காண்டத்தை அவை சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காண்டம் போடுவதும் கூடாது.

வெள்ளைப்படுவதற்கு மருந்துக் கடையில் நீங்களே கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். பூஞ்சைத் தொற்றுக்கு ஒரு மருந்து, பாக்டீரியா தொற்றுக்கு வேறு மருந்து. கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினை நோய்கள் இரண்டும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அப்படியே கருக்குழாய் வரை போய்விடக்கூடும். அவற்றுக்கு இப்போது ஒரு முறையும் இரண்டு வாரம் கழித்து ஒரு முறையும் பரிசோதியுங்கள். எச்ஐவிக்கும் சிபிலிஸுக்கும் ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். சிபிலிஸ் புண் வலிக்காது, தானே ஆறியும் விடும். ஆனால் நோய் உடலிலேயே இருக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவில்லையென்றால் இப்போதே தொடங்குங்கள். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ வந்தால் பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

முடிவுகள் வரும்வரை உங்கள் சொந்த மனிதரோடும் காண்டம் வேண்டும். கஸ்டமரிடம் கண்டிப்பாக இருக்கும் பெண்கள்கூட வீட்டில் அதைக் கேட்கத் தயங்குவார்கள். கேட்டால் நம்பிக்கையில்லை என்று அவர் நினைப்பாரோ என்ற கலக்கம் எனக்குப் புரிகிறது. 'தொற்றுக்கு மருந்து சாப்பிடுகிறேன், டாக்டர் சொல்லியிருக்கிறார்' என்று சொல்லிப் பாருங்கள்.

மருத்துவமனையில் தொழிலைச் சொல்லப் பயமாக இருந்தால் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. 'காண்டம் கிழிந்துவிட்டது, அவருக்கு எச்ஐவி இருக்கிறதா என்று தெரியாது, பெப் வேண்டும்' என்றால் போதும். எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும், வாய்வழி, ஆசனவழி உறவு இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தொண்டையிலும் ஆசனவாயிலும் தனியாக மாதிரி எடுத்தால்தான் அங்கிருக்கும் தொற்று தெரியும். இப்படி அடிக்கடி நேர்கிறதென்றால், எச்ஐவி தொற்றாமல் இருக்க உறவுக்கு முன்பே சாப்பிடத் தொடங்கும் 'பிரெப்' மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள்.