மலையில் விட்டுப்போன கைடு: வழக்குக்கு முன் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படியுங்கள்

கேள்வி: கடந்த நவம்பரில் அலுவலக நண்பர்கள் ஒன்பது பேர் மேகமலைப் பக்கம் மூன்று பகல், இரண்டு இரவு ட்ரெக்கிங் போனோம். தலைக்கு 8,500 ரூபாய். நான்தான் எட்டுப் பேரிடமும் ஜிபேயில் வாங்கி, மொத்தமாக 68,000 ரூபாயை நடத்துநருக்கு அனுப்பினேன். ஆள் சேர்த்துக் கொடுத்ததால் எனக்கு மட்டும் இலவசம். காட்டுக்குள்ளேயே டென்ட் போட்டுத் தங்கினோம். இரண்டாம் இரவு மழை. டென்ட் ஒழுகியது, சாப்பாடு சரியில்லை, கேட்டதற்கு கைடு மரியாதையில்லாமல் பேசினார், பிறகு இருட்டிலேயே எங்களை விட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். விடிந்ததும் நாங்களாக இறங்கும்போது நான் வழுக்கி விழுந்து முழங்கால் லிகமென்ட் கிழிந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. ‘ரிஸ்க் உங்களுடையது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்’ என்கிறார் நடத்துநர். பத்து லட்சம் கேட்டு நானே நோட்டீஸ் எழுதிவிட்டேன். அதையும் ஆதாரங்களையும் இணைத்திருக்கிறேன். ஜெயிக்க முடியுமா?
— கோவை வாசகர்

பதில்: அந்த நோட்டீஸை அனுப்பாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதிய ஏழு பக்கத்தையும் படித்தேன். ஒழுகிய டென்ட், வேகாத சோறு, கைடு பேசிய பேச்சு இதெல்லாம் உங்கள் மனதுக்குப் பெரிது, வழக்குக்குச் சிறிது. கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம், ஒன்பது பேரை நடுக்காட்டில் ராத்திரி விட்டுவிட்டுப் போனதை எந்தப் படிவமும் மூடி மறைக்காது. உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு கேள்வியில்தான். அந்த இரண்டு இரவும் காட்டுக்குள் தங்க வனத்துறையின் அனுமதி இருந்ததா? இல்லையென்றால், இல்லை என்பது போகும்போதே உங்களுக்குத் தெரியுமா?

ஏழு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய ஆதாரங்களில் பதில் இருக்கிறது. நடத்துநர் ஏமாற்றுக்காரர் என்று நிரூபிக்க ஒரு வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருக்கிறீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் எழுதியது: ‘செக்போஸ்ட்ல கேட்டா எஸ்டேட்ல சொந்தக்காரர் வீட்டுக்குப் போறோம்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடுங்க.’ அதற்குக் கீழே உங்கள் கட்டைவிரல். அடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் அதே செய்தியை நீங்கள் நண்பர்கள் குழுவுக்கு ஃபார்வர்ட் செய்து, ‘மறக்காதீங்கப்பா’ என்று சேர்த்திருக்கிறீர்கள். அவருடைய மோசடிக்கு ஆதாரம் என்று நீங்கள் நினைப்பது, எதிர்தரப்பு வழக்கறிஞர் கையில், அனுமதி இல்லை என்று தெரிந்தே போனீர்கள் என்பதற்கு ஆதாரம். இன்னொரு படத்தில் ஒழுகும் டென்டைக் காட்டியிருக்கிறீர்கள். அதன் இடது ஓரத்தில், மூன்று கல் வைத்து மூட்டிய நெருப்புக்குப் பின்னால், வனத்துறையின் எல்லைப் பலகை பாதி தெரிகிறது. ‘காப்புக்காடு’ என்ற எழுத்தை என்னாலேயே படிக்க முடிகிறது.

மேகமலையைச் சாதாரண மலை என்று நினைத்துவிட்டீர்கள். 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதும் தங்குவதும் குற்றம். ஆபத்து உண்டாகும்படி நெருப்பு மூட்டினால் 30-ஆம் பிரிவு. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் டென்ட் போட்ட இடம் காப்பகத்தின் மையப் பகுதிக்குள் வந்துவிட்டால் பேச்சே வேறு, அங்கே குறைந்தபட்சத் தண்டனையே மூன்று ஆண்டு, ஏழு வரை போகும். இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இருக்கிற சட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் செத்துப்போனார்கள், அதுவும் இதே தேனி மாவட்டம்தான். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024-இல் அரசே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று ஆன்லைன் பதிவோடு தொடங்கியதும் இப்படி ஆளாளுக்குக் கூட்டிப்போவதை ஒழுங்குபடுத்தத்தான்.

சரி, அனுமதி இல்லாததால் உங்கள் நுகர்வோர் வழக்கு அப்படியே செத்துவிடுமா என்றால், இல்லை. அனுமதி வாங்கிவிட்டேன் என்று நடத்துநர் சொல்லி, நீங்கள் நம்பிப் போயிருந்தால் வழக்கு இன்னும் பலமாகும், சேவைக் குறைபாட்டோடு ஏமாற்று வணிகமும் சேர்ந்துகொள்ளும். தெரிந்தே போயிருந்தால்தான் சிக்கல். இரண்டு பேரும் சேர்ந்து செய்த சட்டவிரோதக் காரியத்தில் ஒருவர் மற்றவரிடம் இழப்பீடு கேட்டு வந்தால் எந்த மன்றமும் எளிதில் கை கொடுக்காது, சட்டவிரோத ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை எடுத்து நீட்டுவார்கள். உங்களுடைய கட்டைவிரல் உங்களைத் தெரிந்தே போனவர்கள் வரிசையில் நிறுத்துகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் நோட்டீஸின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. ‘15 நாளில் பத்து லட்சம் தராவிட்டால் வனத்துறையில் புகார் கொடுத்து, யூடியூபிலும் வீடியோ போடுவேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியால் புகார்தாரராக உள்ளே போய்க் குற்றம்சாட்டப்பட்டவராக வெளியே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் கேட்பது உங்கள் உரிமை, புகார் கொடுப்பதும் உங்கள் உரிமை. பணம் தராவிட்டால் புகார் என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டினால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் மிரட்டிப் பணம் பறித்தல் என்று எதிர்தரப்பு போலீஸுக்குப் போகும், ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள பிரிவு அது. கடைசியில் தப்பித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஸ்டேஷன், முன்ஜாமீன், அலுவலகத்துக்குச் செய்தி என்று உங்கள் பத்து லட்சக் கனவைவிட அதிகமாகச் செலவாகும். ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் இப்படி ஏதாவது எழுதிவிட்டீர்களா என்று உங்கள் வழக்கறிஞரிடம் உண்மையைச் சொல்லுங்கள், இனிமேல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

அடுத்தது மருத்துவமனைக் காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரியில், காயம் ஏற்பட்ட விதம் என்ற இடத்தில், ‘வீட்டு மாடிப்படியில் தவறி விழுந்தார்’ என்று இருக்கிறது. யார் சொல்லி எழுதினார்கள் என்று எனக்குப் புரிகிறது. மலையில் விழுந்தேன் என்றால் இன்சூரன்ஸ் தராது என்று பக்கத்தில் இருந்தவர்கள் பயமுறுத்தியிருப்பார்கள். அந்தப் பயமே பெரும்பாலும் தேவையில்லாதது. இன்றைய மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் உள்ள சாகச விளையாட்டு விலக்கு, அதைத் தொழில்முறையாகச் செய்பவர்களுக்கானது. ஆனால் எழுதியாயிற்று, கம்பெனி 1,90,000 ரூபாய் கொடுத்தும் விட்டது. இப்போது அதே முழங்கால் காயம் மலையில் ஏற்பட்டது என்று நுகர்வோர் ஆணையத்தில் பிரமாண வாக்குமூலம் கொடுக்கப் போகிறீர்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே இதுதான் வரும்: அன்றைக்குப் பொய் சொன்னீர்களா, இன்றைக்குச் சொல்கிறீர்களா? எந்தப் பதில் சொன்னாலும் நஷ்டம். கைடு விட்டுப்போனதற்கும் உங்கள் காலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும், இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைத் திருப்பிக் கேட்கும், பொய்த் தகவல் கொடுத்ததாகத் தனி வழக்கும் வரலாம். காயத்துக்கான இழப்பீடு கேட்டு வருபவர்களில் நிறையப் பேர் விழுகிற குழி இது, அதுவும் டூவீலர் விபத்து வழக்குகளில் வாரம்தோறும் பார்க்கலாம்.

மூன்றாவதாக உங்கள் இலவச இடம். உங்களுக்கு அது நட்புக்காகச் செய்த உதவி. மற்ற எட்டுப் பேரில் யாராவது ஒருவர் நாளைக்குக் கோபப்பட்டால், பணம் வாங்கியது நீங்கள், ஆள் சேர்த்ததற்குப் பலன் பெற்றதும் நீங்கள், செக்போஸ்டில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்கள். நுகர்வோர் வழக்கில் உங்களை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்க்க இது போதும். வனத்துறை வழக்கில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உடந்தையாக இருந்தவரையும் அதே குற்றத்தைச் செய்தவராகவே பார்க்கிறது. நடத்துநர் முதலில் செய்யப்போவது, ‘குழுத் தலைவர் அவர்தான், நான் வெறும் டென்ட் வாடகைக்குக் கொடுத்தவன்’ என்று உங்கள் பக்கம் கையைக் காட்டுவதுதான். ரசீது எதுவும் இல்லாமல் அவருடைய சொந்தக் கணக்குக்குப் பணம் போயிருப்பதால் அந்தக் கதையை அவரால் சுலபமாகச் சொல்ல முடியும்.

அதனால் என் கருத்து வெளிப்படையாக இது: பேசி முடியுங்கள். பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். எட்டுப் பேருடைய 68,000, இன்சூரன்ஸ் போக உங்கள் கையை விட்டுப் போனதாக நீங்கள் சொல்லும் 50,000, இந்த எல்லைக்குள் பேசுங்கள், அதில் கொஞ்சம் குறைந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவரும் ஒத்துக்கொள்வார், ஏனென்றால் உங்களைவிட அவருக்கு இழக்க அதிகம் இருக்கிறது, அதை நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை. வழக்கறிஞர் மூலமாக ஒரு சாதாரணக் கடிதம் போதும். அதில் பயணத்துக்கான வன அனுமதிக் கடித நகலைக் கேளுங்கள், காரணம் எழுத வேண்டாம். தந்தால் உங்கள் நிலைமையே மாறிவிடும், அப்போது தைரியமாக வழக்குப் போடலாம். டென்ட் போட்ட இடம் பட்டா எஸ்டேட் நிலம், உரிமையாளர் அனுமதி இருந்தது என்று காட்டினாலும் அப்படியே. பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். அனுமதி இருந்ததா என்று நீங்களே உங்கள் பெயரில், போன தேதியைக் குறிப்பிட்டு ஆர்டிஐ போட்டுவிடாதீர்கள், அது வனத்துறைக்கு நீங்களே எழுதிக்கொடுக்கிற வாக்குமூலம்.

உடன்பாட்டுக் காகிதத்தில், ‘வனத்துறையில் புகார் கொடுக்க மாட்டேன்’ என்ற வரி எந்த வடிவத்திலும் வரக்கூடாது. நடத்துநர் கட்டாயம் கேட்பார். குற்றத்தை மறைப்பதற்காகப் பணம் வாங்கும் ஒப்பந்தம் செல்லாது, செல்லாததோடு நிற்காமல் உங்கள் இருவருக்கும் எதிரான சாட்சியாகவும் மாறும். சேவைக் குறைபாடு தொடர்பான பணக் கோரிக்கை தீர்ந்தது என்று மட்டும் எழுதுங்கள். பணம் வங்கி வழியாக வந்த பிறகு கையெழுத்து, பின்தேதியிட்ட செக் வேண்டவே வேண்டாம். எட்டுப் பேரும் தனித்தனியாகப் பெற்றுக்கொண்டதாக எழுதித் தரட்டும், உங்களுக்கு எதிராகக் கோரிக்கை இல்லை என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒன்றை மனதாரச் சொல்கிறேன். மழை ராத்திரியில், யானை நடமாடும் காட்டில், வழி தெரியாத ஒன்பது பேரை விட்டுவிட்டுப் போன மனிதர் அடுத்த வாரமும் ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போவார் என்பது எனக்கும் தாங்கவில்லை. வனத்துறைக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அது சரியான எண்ணம். அதைப் பணத்தோடு சேர்க்காமல், தனியாக, வழக்கறிஞரைக் கலந்துகொண்டு செய்யுங்கள், உங்களையும் விசாரிப்பார்கள் என்று தெரிந்தே செய்யுங்கள். உதவி வனப் பாதுகாவலர் நிலை அதிகாரி முன்னால் பதிவாகும் வாக்குமூலம் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படும், போலீஸில் சொன்னதை மறுப்பதுபோல இதை எளிதில் மறுக்க முடியாது. தானாக முன்வந்து சொல்பவர் விஷயத்தில், இடம் மையப் பகுதியாக இல்லாவிட்டால், அதே வன உயிரினச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் தொகை கட்டி முடித்துக்கொள்ளவும் வழி கேட்கலாம்.

அப்புறம், இதைப் படித்த பதற்றத்தில் வாட்ஸ்அப் செய்திகளையும் படங்களையும் அழித்துவிடாதீர்கள். உங்கள் போனில் அழித்தாலும் மற்ற எட்டுப் போனில் இருக்கும், சாட்சியத்தை அழித்தீர்கள் என்ற குற்றம்தான் புதிதாகச் சேரும். போனை மாற்றாமல் வைத்திருங்கள், பேச்சு முறிந்து வழக்கே போட நேர்ந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழோடு தாக்கல் செய்ய அது தேவைப்படும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம், அது கடந்த நவம்பரிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்பதால் அந்த ஓட்டம் நிற்காது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அவர் இழுத்தால், ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்காமல் டிஸ்சார்ஜ் சம்மரி விஷயத்தை மறைக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, காயத்தை விட்டுவிட்டுக் கட்டிய பணத்துக்கு மட்டுமாவது வழக்குப் போட முடியுமா என்று பாருங்கள்.